பழைய ஃப்ளாட்டில் சின்ன பாத்ரூம்: எங்கே தொடங்கி எப்படி முடிப்பது

சென்னையில் 1980களிலும் 90களிலும் கட்டிய ஃப்ளாட்களில் பாத்ரூம் ஏறக்குறைய ஒரே அச்சாகத்தான் இருக்கும். 4 அடிக்கு 7 அடி, தாராள மனசோடு கட்டியிருந்தால் 5க்கு 8. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரை வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் உரிகிற டிஸ்டெம்பர், தரையில் மொசைக், தலைக்கு மேல் பரண், அடிப்பாகம் இற்றுப்போன மரக்கதவு. நங்கநல்லூரோ பெரம்பூரோ, இதைப் புதுப்பிக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லோரும் நேராகப் போவது டைல்ஸ் கடைக்கு. அங்கே கடைசியில் போனால் போதும். பாத்ரூமில் கெட்டுப்போவதெல்லாம் தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் குழாய் மூட்டிலும்தான். பணமும் கவனமும் முதலில் அங்கே போகட்டும், மிஞ்சுவதில் டைல்ஸ் பார்த்துக்கொள்ளலாம்.

கீழ் வீட்டு சீலிங்கில் தொடங்குங்கள்

மாடியில் இருப்பவர்கள் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் பாத்ரூம் சீலிங்கை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மஞ்சள் திட்டு, உப்புப் பூத்த பூச்சு, உதிர்ந்த சிமெண்டுக்கு நடுவே துருப்பிடித்த கம்பி என எது தென்பட்டாலும் உங்கள் தரையோ கழிவுக் குழாயோ கசிகிறது என்று அர்த்தம். கம்பியே வெளியே தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டிவிடுங்கள்.

அப்படியே உங்கள் சீலிங்கையும் அண்ணாந்து பாருங்கள். மேல் வீட்டுத் தண்ணீர் உங்கள் தலையில் சொட்டிக்கொண்டிருக்கும்போது கீழே புது டைல்ஸ் போட்டு என்ன பிரயோஜனம்? அவர்களிடம் பேசி அதை முதலில் சரிசெய்ய வைக்க வேண்டும். வேலையை விட இந்தப் பேச்சுவார்த்தைக்கு அதிக நாள் பிடிக்கும் என்பது ஃப்ளாட்வாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று புரிய, தரையின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். பழைய ஃப்ளாட்களில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளை விட ஓரடி, ஒன்றரை அடி பள்ளமாக வார்த்திருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதைத்தான். அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களைப் போட்டு, மேலே உடைந்த செங்கலையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி மூடி, அதன்மேல் மொசைக் பதித்திருப்பார்கள். மொசைக்கில் மயிரிழை விரிசல் விட்டாலே போதும், குளிக்கிற தண்ணீர் மெல்ல இறங்கி அந்த நிரப்பலில் தங்கிவிடும். வெளியேற வழியில்லாததால் ஸ்லாப் வழியாகக் கீழ் வீட்டுக்கும், சுவர் வழியாகப் பக்கத்துப் படுக்கையறைக்கும் ஓதமாகப் பரவும். படுக்கையறைச் சுவரில் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தால், அந்தச் சுவரின் மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு உடைப்பது?

கீழே சீலிங் காய்ந்திருக்கிறது, தண்ணீர் ஒழுங்காக வடிகிறது, சுவருக்குள் இருக்கும் குழாய்கள் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்றால் முழு உடைப்பு தேவையில்லை. திறந்து மூடும் குழாய், க்ளோசெட் (கழிப்பறைப் பீங்கான்), வாஷ்பேசின், கதவு ஆகியவற்றை மாற்றி, டைல்ஸ் இடுக்கைச் சுரண்டிப் புதிதாக எபாக்சி என்ற ரசாயனப் பிசினை அடைத்து, சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்தாலே ஆளே மாறிவிடும்.

ஆனால் காலையில் முதல் வாளித் தண்ணீர் பழுப்பாக வருகிறது, மேலே டேங்க் நிறைந்திருந்தும் குழாயில் நூலாக வழிகிறது என்றால் சுவருக்குள் இன்னும் பழைய ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் இருக்கிறது. உள்ளே துருவும் உப்பும் அடைத்துத் துவாரம் சுருங்கியிருக்கும். இதனுடன் கீழே கசிவும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம், சுவர் செங்கல் தெரியும் வரையும், தரை ஸ்லாப் தெரியும் வரையும் எடுத்தாக வேண்டும்.

‘பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாம் சார், ரெண்டே நாள்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சுவரில், பழைய டைல்ஸ் தட்டினால் கெட்டியாக ஒலிக்கிற இடத்தில், சரியான பசையோடு ஒட்டினால் அது நிற்கும். தரையில் வேண்டாம். தரை மட்டம் முக்கால் அங்குலம் ஏறி, கதவு இடிக்கும். தண்ணீர் ஹாலை எட்டிப் பார்க்கும். அடியில் இருக்கிற கசிவும் அப்படியே இருக்கும்.

எப்போது செய்வது, யாரை வைத்துச் செய்வது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதமும் பூச்சு காயாது, வாட்டர் ப்ரூஃபிங் காயாது, மணல் லாரியும் சொன்ன நேரத்துக்கு வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார்கள் திரும்பியதும், ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. மே மாதம் நன்றாகக் காயும்தான், ஆனால் அப்போது கட்டடத்திலேயே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நிலை வந்தால், பூச்சுக்கு நீராற்றத் தண்ணீர் கேட்கும் உங்களை யாரும் அன்போடு பார்க்க மாட்டார்கள்.

முழு வேலைக்கு மூன்று வாரம் என்று கணக்கு வையுங்கள். ஒரே பாத்ரூம் உள்ள வீடென்றால் அந்த மூன்று வாரத்துக்கு என்ன செய்வது என்பதை முதலில் தீர்மானியுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி வீடு, பெரிய உதவி.

அசோசியேஷனுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வேலை நேரம், லிஃப்ட்டில் மூட்டை ஏற்றலாமா, எந்த நேரத்தில் மெயின் வால்வை மூடலாம் என்பதெல்லாம் முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை. வெளிச்சுவரில் இறங்கும் கழிவுக் குழாய் எல்லா மாடிக்கும் பொதுவானது. பழைய வார்ப்பிரும்புக் குழாயில் விரிசல் இருந்து அதையும் மாற்ற வேண்டுமென்றால் அது உங்கள் தனிச் செலவு இல்லை, எல்லோரும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஆட்களைப் பொறுத்தவரை இரண்டு வழி. மெட்டீரியலோடு மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைப்பது, அல்லது பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து லேபர் கான்ட்ராக்ட் மட்டும் விடுவது. சின்ன பாத்ரூமுக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தரைக்கு அடியில் போகும் குழாயும் கெமிக்கலும் என்ன தரம் என்று நமக்குத் தெரியும். அலைச்சல் அதிகம்தான். வேலைக்குப் போகிறவர்கள், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாதவர்கள், மொத்தமாகவே கொடுத்துவிட்டு, எந்தக் குழாய், எந்தக் கெமிக்கல், எத்தனை கோட் என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

எப்படிக் கொடுத்தாலும் நாலு விஷயம் முன்கூட்டியே பேசப்பட வேண்டும்: இடிபாட்டை யார் அப்புறப்படுத்துவது, சுவரில் காடி வெட்டுவது பிளம்பர் கணக்கா கொத்தனார் கணக்கா, டைல்ஸை மாடி ஏற்றும் கூலி யாருடையது, எலக்ட்ரீஷியன் உள்ளடக்கமா தனியா. சண்டை எல்லாம் இந்த நாலில்தான் வரும். பணத்தை வேலைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள்: உடைப்பு முடிந்ததும் கொஞ்சம், தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு கொஞ்சம், டைல்ஸ் முடிந்ததும் கொஞ்சம். கடைசிப் பத்து சதவீதம் எல்லாக் குழாயும் ஓடிய பிறகு. உங்கள் மொத்த பட்ஜெட்டில் 15 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய கட்டடத்தை உடைத்தால் உள்ளே ஏதாவது ஒன்று காத்திருக்கும்.

அளந்து, வரைந்து, பிறகு கடை

ஒரு தாளில் பாத்ரூமை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, கதவு, வெண்டிலேட்டர், க்ளோசெட், தரை வடிகால், கழிவுக் குழாய் வெளியேறும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். க்ளோசெட்டை இருக்கும் இடத்திலேயே வைப்பதுதான் புத்திசாலித்தனம். எதிர்ச் சுவருக்கு நகர்த்தினால் 4 அங்குலக் குழாயைத் தரைக்கு அடியில் நெடுக வாட்டத்தோடு கொண்டுபோக வேண்டும். அந்த வாட்டத்துக்குப் பள்ளத்தில் ஆழம் போதுமா என்பது உடைத்த பிறகுதான் தெரியும்.

இந்தியன் க்ளோசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பவர்கள் கவனிக்க: வெஸ்டர்னில் எஸ் ட்ராப், பி ட்ராப் என்று இரண்டு வகை. எஸ் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும், பி என்றால் பின்னால் சுவருக்குள் போகும். எஸ் வகையில் சுவரிலிருந்து துவாரத்தின் மையம் வரை 9 அங்குலம், 12 அங்குலம் என்று மாடலுக்கு மாடல் தூரம் மாறும். இந்த அளவைச் சுவரில் டைல்ஸ் ஒட்டிய பிறகு வரப்போகும் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆகவே க்ளோசெட்டை முதலில் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதை அளந்து பிளம்பர் குழாய் போடுவதுதான் சரியான வரிசை. வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் வருகிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

சுவரில் தொங்கும் க்ளோசெட்டும் சுவருக்குள் ஒளிந்த ஃப்ளஷ் டேங்கும் பார்க்க அழகு. ஆனால் பழைய ஃப்ளாட்டின் நாலரை அங்குலச் சுவருக்குள் டேங்கைப் புதைக்க முடியாது, முன்னால் தனியாக ஒரு சுவர் எழுப்ப வேண்டும். 4 அடி அகல பாத்ரூமில் அந்த அரை அடி பெரிய விஷயம். அதோடு நம் தண்ணீர் இருக்கிறதே!

அந்தத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் மெட்ரோ வாட்டர், போர், லாரி மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கிறது. போர் தண்ணீர் அதிகம் கலக்கும் இடங்களில் உப்புதான் உங்கள் பாத்ரூமின் எதிரி. கறுப்பு மேட் குழாய்கள், அடர் நிற பளபள டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு இவை மூன்றும் ஷோரூமில் சொக்கவைக்கும், உங்கள் வீட்டில் சில வாரங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிடும். தினமும் துடைக்கத் தயாராக இருந்தால் வாங்குங்கள். என் யோசனை: வெளிர் சாம்பல், சந்தன நிறம் மாதிரி உப்புக் கறையைக் காட்டிக்கொடுக்காத டைல்ஸ், சாதாரண குரோம் பூச்சுள்ள கனமான பித்தளைக் குழாய், வெளியே தெரிகிற ஃப்ளஷ் டேங்க். ஷவருக்கும் அப்படியே. தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும், சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரில் உப்பு அடைத்தால், அந்த மாடலுக்கான உள்பாகம் கிடைக்காவிட்டால், டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும், வெளியே இருக்கும் வால் மிக்சரை எந்த பிளம்பரும் ஸ்பேனர் வைத்துக் கழற்றிவிடுவார்.

டைல்ஸ் கணக்கு இப்படி. 4க்கு 7 அடி பாத்ரூமின் சுற்றளவு 22 அடி. 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 154 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்கு 17.5, வெண்டிலேட்டருக்கு 3 சதுர அடி கழித்தால் 133.5. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 147. ஓரடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒரு பெட்டியில் 5 இருந்தால் சுமார் 9.7 சதுர அடி, அதாவது 16 பெட்டி. தரைக்கு 28 சதுர அடியும் சேதாரமும். தரைக்கு மேட் ஃபினிஷ், வழுக்காத வகை, அதுவும் ஓரடிக்கு ஓரடிதான். இரண்டடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸை வைத்துக்கொண்டு சின்னத் தரையில் நாலு பக்கமும் வாட்டம் கொடுக்க எந்தக் கொத்தனாராலும் முடியாது.

கடையில் எந்தப் பெயர் சொன்னாலும் நம்மூரில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ஒரே டிசைன் என்றாலும் உற்பத்தித் தொகுதி மாறினால் நிறம் லேசாக மாறும். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். இரண்டு பெட்டி குறைந்துபோய் அடுத்த மாதம் தேடினால் அது கிடைக்காது. வெரைட்டி பார்க்க பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போகலாம். குழாய், ஃபிட்டிங்ஸ் சாமான்களுக்குப் பாரிமுனை செம்புதாஸ் தெரு. ஆனால் சின்ன வேலைக்கு, குறைந்தால் உடனே கொடுத்து மீந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிற பக்கத்துக் கடை, சில ரூபாய் கூடுதலானாலும் லாபம்.

உடைப்பு

முதல் நாள் காலை மூன்று காரியம். பாத்ரூமுக்கு வரும் தண்ணீரை அடைத்தல், அந்த அறையின் மின் இணைப்பைத் துண்டித்தல், கழிவுத் துவாரங்கள் எல்லாவற்றையும் கோணித் துணியால் இறுக்கி அடைத்தல். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரு கை சிமெண்டுத் துண்டு கழிவுக் குழாய்க்குள் விழுந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் அடைப்பு, மொத்தக் கட்டடமும் உங்கள் வாசலில்.

பரணில் இருக்கும் பித்தளை அண்டா, கொலுப் படி எல்லாவற்றையும் முன்னாடியே இறக்கிவிடுங்கள். பரணை எடுத்துவிட்டால் அறை உயரமாகத் தெரியும், காற்றோட்டம் கூடும். ஆனால் அந்த அண்டா எங்கே போகும் என்ற கேள்விக்கு வீட்டில் ஒருமித்த பதில் வராமல் பரணில் கை வைக்காதீர்கள். பரணின் ஸ்லாப் சில கட்டடங்களில் கதவு ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும், அப்படி இருந்தால் இன்ஜினீயரைக் கேட்காமல் உடைக்கவே கூடாது.

பள்ளத்தில் இருக்கும் பழைய நிரப்பலை முழுக்க எடுங்கள். கடைசியில் ஈரச் சேறாக வருவதைப் பார்த்தால் இத்தனை வருஷம் கீழ் வீட்டு சீலிங் ஏன் அழுதது என்று புரியும். ஸ்லாப் தெரிந்ததும் பிரேக்கர் மெஷினை நிறுத்தச் சொல்லி, மிச்சத்தை உளி சுத்தியலால் எடுக்கச் சொல்லுங்கள்.

இடிபாட்டு மூட்டைகளை இரவோடு இரவாகத் தெரு முனையில் போடும் வழக்கம் வேண்டாம். மாநகராட்சி கட்டட இடிபாடுகளைத் தனியாகச் சேகரித்து, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ள நிலையங்களில் பதப்படுத்துகிறது. உங்கள் பகுதியில் எங்கே கொட்டலாம் என்பதை 1913 எண்ணில் கேட்கலாம். தெருவில் கொட்டினால் அபராதம் உண்டு.

குழாயும் கரண்ட்டும்

இப்போது பிளாஸ்டிக் குழாய்தான்: குளிர்ந்த தண்ணீருக்கு யுபிவிசி, வெந்நீர்ச் சூட்டைத் தாங்கும் வகையான சிபிவிசி வெந்நீருக்கு. சின்ன பாத்ரூமில் இரண்டையும் கலக்காமல் எல்லாவற்றுக்கும் சிபிவிசி போட்டால் செலவு கொஞ்சம்தான் கூடும், தவறுக்கு இடமிருக்காது. உள்ளே வரும் மெயின் முக்கால் அங்குலம், குழாய்களுக்குப் பிரிவது அரை அங்குலம். குழாய் திருகும் இடங்களில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்தான் வேண்டும். பாத்ரூமுக்கென்று தனியாக ஒரு ஸ்டாப் வால்வு வையுங்கள். பின்னால் எந்தக் குழாய் ஒழுகினாலும் வீட்டுக்கே தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

சுவரைப் பூசுவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்து, கைப் பம்பால் அழுத்தம் கொடுத்து ஒரு இரவு வைக்கச் சொல்லுங்கள். காலையில் மீட்டர் முள் இறங்கியிருக்கக் கூடாது. ‘அதெல்லாம் தாங்கும் சார்’ என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிறகு மொபைலை எடுத்து நாலு சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்தபடி, படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு டவல் ஸ்டாண்டு மாட்ட டிரில் போடும்போது இந்தப் படம் காப்பாற்றும்.

கழிவுக்கு: க்ளோசெட்டுக்கு 4 அங்குலம், குளிக்கும் தண்ணீருக்கு 3 அங்குலத்துக்குக் குறையாமல். தரை வடிகாலில் வைக்கும் நானி ட்ராப்பில் 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும் கதவு. ஆழம் குறைந்த மலிவான ட்ராப் வைத்தால், பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வீடே சாக்கடை வாடை அடிக்கும்.

மின்சாரத்துக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான், பிளம்பரின் மச்சான் வேண்டாம். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். பெட்டியிலிருந்து நேராகத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் பாயின்ட், மின்சாரம் அளவை மீறினால் தானே அணையும் எம்சிபி தனியாக. கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள், உயிர் காக்கும் சாமான் அது. இன்னொன்று: சில பழைய வீடுகளில் எர்த் வயரை ஜிஐ தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். நீங்கள் அந்தக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய நிமிஷம் எர்த் காணாமல் போய்விடும், ஆனால் லைட்டெல்லாம் வழக்கம்போல எரியும். எர்த் எங்கிருந்து வருகிறது என்பதைச் சோதித்துப் பார்க்காமல் கீசரை மாட்டாதீர்கள்.

வாட்டர் ப்ரூஃபிங்: இங்கே அவசரமே கூடாது

இந்த நாலைந்து நாள்தான் மொத்த வேலையின் உயிர். கொத்தனாருக்கு வேலை இல்லாத மாதிரி தோன்றும், அவர் டைல்ஸை ஆரம்பிக்கலாமா என்று நச்சரிப்பார். அசையாதீர்கள்.

ஸ்லாப்பைக் கழுவி, தளர்ந்த சிமெண்டைச் சுரண்டி, விரிசல்களையும் குழாய் ஸ்லாப்பைத் துளைத்துப் போகும் இடங்களையும் பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கசிவு தொடங்குவது நடுத்தரையில் இல்லை, குழாயைச் சுற்றியும் சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான். அந்த மூலைகளைச் செங்குத்தாக விடாமல் கலவையால் வளைவாகக் குழைத்துவிடச் சொல்லுங்கள். அப்போதுதான் மேலே பூசும் படலம் மடிப்பில் கிழியாது.

அதன்பின் இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமெண்ட் கோட்டிங், பிரஷ்ஷால். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால், காய்ந்த பிறகு இரண்டாவது தெற்கு வடக்காக. அதிகமாகத் தண்ணீர் கலந்து நீட்டக் கூடாது. பெட்டியில் எழுதியிருக்கும் அளவுதான். சுவரில் தரைமட்டத்துக்கு மேல் ஓரடி, ஷவர் வரும் சுவரில் 6 அடி வரை ஏற்றுங்கள். கதவு வாசலை விட்டுவிடுவார்கள், அங்கேயும் பூசச் சொல்லுங்கள்.

காய்ந்ததும் சோதனை. கழிவு வாய்களை அடைத்து, 2 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். 28 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 130 லிட்டர், அதாவது பத்து வாளிக்குள். சுவரில் பென்சிலால் ஒரு கோடு. 48 மணி நேரம் அப்படியே விட்டு, இடையிடையே கீழ் வீட்டு சீலிங்கைப் பாருங்கள். கோட்டிலிருந்து ஒரு நூல் (எட்டில் ஒரு பங்கு அங்குலம்) இறங்குவது ஆவியானது, அரை அங்குலம் இறங்கினால் கசிவு. கசிந்தால் மனம் தளராதீர்கள், இப்போது கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம். இடத்தைக் கண்டு அடைத்து, மறுபடி நிறுத்திப் பாருங்கள்.

பள்ளத்தைத் திரும்ப நிரப்பும்போது உடைத்த இடிபாட்டையே கொட்டிவிடும் ஆசை மேஸ்திரிக்கு வரும், மூட்டை தூக்கும் கூலி மிச்சமல்லவா. கூடாது. கனம் குறைந்த ஏஏசி (காற்றுத் துளைகள் உள்ள கான்கிரீட்) கல் துண்டுகளையோ சுத்தமான செங்கல் ஜல்லியையோ கலவையோடு போட்டு, குழாய்களுக்கு அடியில் நன்றாக முட்டுக் கொடுத்து நிரப்ப வேண்டும். மேலே தளம் போட்டு, அதிலேயே வாட்டத்தை உருவாக்கி, இன்னொரு முறை கோட்டிங் பூசினால் இரட்டைப் பாதுகாப்பு. வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் வரை இருக்கலாம், நானி ட்ராப்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்த புள்ளி. ஹாலை விடப் பாத்ரூம் தரை குறைந்தது அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும்.

டைல்ஸ்

சுவரில் கீழ்வரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையிலிருந்து மேலே போக வேண்டும். பிறகு தரை. கடைசியாக அந்தக் கீழ்வரிசை, தரை டைல்ஸின் மேல் உட்காருவது போல. அப்போது சுவரில் வழிகிற தண்ணீர் இடுக்கில் இறங்காமல் தரைக்கு வரும். கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்டில் பிடிப்பு நிற்காது. அதற்கான டைல் பசைதான் வேண்டும். பசையை நாலு மூலையில் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கும் பழக்கத்தை முதல் டைலிலேயே நிறுத்துங்கள். பற்கள் உள்ள கரண்டியால் முழுதும் பரப்ப வேண்டும். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வருபவற்றை எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

இடுக்கு 2 மில்லிமீட்டர், ஸ்பேசர் வைத்து. தரைக்கும் ஷவர் பக்கத்துக்கும் எபாக்சி அடைப்பு. வெள்ளை சிமெண்ட் அடைத்தால் இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் சீக்கிரமே பழுப்பேறும். தரை அடைப்புக்கு முன் ஒரு மக் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றிப் பாருங்கள். எந்த மூலையில் குளம் கட்டுகிறதோ அந்த டைலை அன்றே எடுத்துப் போட்டுவிடலாம்.

பொருத்துவதும் கடைசிக் கணக்கும்

கதவுக்கு மரம் வேண்டாம். எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) அல்லது டபிள்யூபிசி (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்), சட்டத்துக்குக் கிரானைட். உள்ளே வயதானவர் விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள், வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கைப்பிடிக் கம்பியைக் கெட்டியான செங்கல் சுவரில் மட்டும், நீள ஆங்கர் போல்ட்டோடு. வெண்டிலேட்டரில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் சென்னைப் புழுக்கத்திலும் சுவர் காயும். ஷவருக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் (கழுவும் கைத் தெளிப்பான்) தனித்தனியாக அடைக்க ஆங்கிள் காக் என்ற சின்ன வால்வு இருக்கட்டும்.

கீசரில் கண்ணாடிப் பூச்சுள்ள டேங்க் வாங்கி, உள்ளே இருக்கும் மெக்னீசியம் தண்டை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் அது கரைவது வேகம், அது கரைந்து முடிந்தால் அடுத்து டேங்க்தான். சுத்தம் செய்ய ஆசிட் கேட்கும் ஆளை உள்ளே விடாதீர்கள், குரோமும் சிமெண்ட் அடைப்பும் அதோடு போய்விடும். தண்ணீரில் கலந்த வினிகரைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் உப்பு விட்டுவிடும்.

க்ளோசெட்டைப் பொருத்தி ஒரு நாளாவது உட்காராமல் காயவிடுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, வடிகால் எதிர்த்து வருகிறதா என்று பாருங்கள். மீந்த டைல்ஸில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஒரு வாரம் குளித்த பிறகு கீழ் வீட்டு சீலிங்கை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கடைசிப் பத்து சதவீதத்தை மேஸ்திரி கையில் கொடுங்கள்.